விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்: ரயிலா, பேருந்தா, டாக்சியா?

புதிய ஊருக்குப் பயணப்படுகிறவர்கள் விமானச் சீட்டுக்கும் தங்கும் அறைக்கும் நாள்கணக்கில் விலை பார்க்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இருபது, முப்பது கிலோமீட்டரை மட்டும் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இறங்கிய பிறகு நிதானமாகப் பார்க்கும் நிலையில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. உட்கார்ந்தபடியே அரைகுறையாகத் தூங்கிய களைப்பும், குடியேற்றச் சோதனை வரிசையில் நின்ற கால்வலியும், பெட்டி வருமா வராதா என்று சுழலும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்த கவலையும் சேர்ந்திருக்கும் அந்த நேரத்தில், வருகைக் கூடத்தின் கதவு திறந்ததும் முதலில் யார் வந்து பேசுகிறாரோ அவருடைய வண்டியில் ஏறிவிடுவதுதான் பலருக்கும் நடக்கிறது. ஆகவே, கீழே நான் ஒப்பிடும் வழிகளை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஒப்பிட்டு, ஒரு முடிவும் அதற்கு ஒரு மாற்றும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையே முதலில் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு எதை அளவுகோலாக வைப்பது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. "விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு இத்தனை நிமிடம்" என்று விளம்பரப் பலகைகள் சொல்வது ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கான நேரம். பயணிக்கு வேண்டியதோ பெட்டியைக் கையில் வாங்கிய இடத்திலிருந்து அறையின் கதவு வரையிலான நேரம். டெர்மினலிலிருந்து ரயில் நடைமேடைக்கு நடப்பது, சீட்டு வாங்க நிற்பது, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது, நடுவில் வண்டி மாறுவது, கடைசி நிலையத்திலிருந்து விடுதிக்குப் போவது ஆகிய எல்லாம் அதில் அடக்கம். ஷாங்காயின் புதோங் விமான நிலையத்திலிருந்து ஓடும் காந்த மிதவை ரயில் இதற்கு நல்ல சான்று. சுமார் 30 கிலோமீட்டரை ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் கடந்துவிடும் அந்த ரயில் லோங்யாங் சாலை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அது நகரின் மையப் பகுதி அன்று. அங்கே இறங்கி, பெட்டிகளோடு மெட்ரோவுக்கு மாற வேண்டும். மாறிக்கொள்ளும் மெட்ரோ தடங்களுள் ஒன்றான 2-ஆம் தடமோ விமான நிலையத்திலிருந்தே புறப்பட்டு வருகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் மெதுவாகப் போவதா, எட்டு நிமிட வேகத்துக்காக ஒரு முறை ஏறி இறங்கி மாறுவதா என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி. அந்த வேகத்தை அனுபவிப்பதற்காகவே ஏறுகிறவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஏறுகிறவர் மட்டும் கடைசி நிலையத்துக்கு அப்பால் உள்ளதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கு, விமானச் சீட்டு வாங்கும்போதே வருவது. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டோக்கியோவுக்கு இரண்டு நிலையங்கள்: ஹனேதா நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், நரிதா சுமார் 60 கிலோமீட்டர். பாரிஸின் பெயரில் குறைந்த கட்டண விமானங்கள் இறங்கும் பொவே நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டின் பெயரைச் சேர்த்து அழைக்கப்படும் ஹான் நிலையம் அந்நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இப்படிப்பட்ட நிலையங்களுக்குச் சீட்டு மலிவாகக் கிடைக்கும்போது, போக வர ஆகும் பேருந்துக் கட்டணத்தையும், இரண்டு வேளை கழியும் நேரத்தையும் அதோடு சேர்த்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது பல சமயம் மலிவாக இருக்காது.

ரயில்

தனியாகவோ இரண்டு பேராகவோ, ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டியோடு, பகல் வேளையில் இறங்குகிறவர்களுக்கு ரயில்தான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சாலை நெரிசல் அதைத் தொடாது; எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்; கட்டணத்தில் பேரம் என்ற பேச்சே இல்லை. சூரிக், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் போன்ற இடங்களில் ரயில் நிலையம் டெர்மினலுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் கால் மணி நேரப் பயணத்தில் நகரின் முதன்மை நிலையத்துக்குப் போய்விடலாம். அத்தகைய ஊர்களில் வேறு வழிகளை ஆராய்வதே தேவையில்லை.

ஆனால் பல பெரிய நகரங்களில் ரயில் என்பது ஒரே ஒரு வழி அன்று. அதற்குள்ளேயே இரண்டு மூன்று உண்டு. லண்டனின் ஹீத்ரோவை எடுத்துக்கொள்வோம். 1977-இல் வந்து சேர்ந்த பிக்காடில்லி பாதாள ரயில் தடம், 1998-இல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ், 2022-இல் திறக்கப்பட்ட எலிசபெத் தடம் ஆகிய மூன்றும் அங்கிருந்து நகருக்குள் போகின்றன. எக்ஸ்பிரஸ் கால் மணி நேரத்தில் பேடிங்டன் நிலையத்தை அடைகிறது, அங்கேயே நின்றும் விடுகிறது. எலிசபெத் தடத்து ரயில் அதே பேடிங்டனுக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும், அங்கே நிற்காமல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று நகரின் நடுவழியே தொடர்ந்து ஓடுகிறது. பிக்காடில்லி மூன்றிலும் மெதுவானது, மூன்றிலும் கட்டணம் குறைந்தது. ஆனால் அதன் பெட்டிகள் குறுகலானவை, காலை அலுவலக நேரத்தில் அதில் பெரிய சூட்கேஸோடு நிற்பது உடன் வருகிறவர்களுக்கும் சிரமம், நமக்கும் சிரமம். பேடிங்டனை ஒட்டி அறை எடுத்தவருக்கு எக்ஸ்பிரஸ் பொருந்தும். நகரின் நடுவிலோ கிழக்கிலோ தங்குகிறவர் அதில் ஏறினால், மிச்சப்படுத்திய நிமிடங்களைப் பேடிங்டனில் வண்டி மாறும்போதே இழந்துவிடுவார். "எக்ஸ்பிரஸ்" என்ற பெயரைப் பார்த்ததும் அதுதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரோமிலும் இதே கதைதான், ஆனால் அங்கே தவறினால் இடமே மாறிப்போகும். ஃபியுமிச்சினோ நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி முதன்மை நிலையத்துக்குப் போகிறது. அதைவிடக் கட்டணம் குறைந்த வட்டார ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. அது திராஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே, திபுர்த்தினா வழியாகச் செல்வது, தெர்மினிக்கு அது போவதேயில்லை. திராஸ்தேவெரேயில் அறை எடுத்தவருக்கு வட்டார ரயில் மலிவானது மட்டுமல்ல, வேகமானதும் அதுவே. தெர்மினி பக்கத்தில் தங்குகிறவர் மலிவு என்று அதில் ஏறினால் வேறெங்கோ இறங்கித் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விடுதியைத் தேர்ந்தெடுத்த பிறகு அதற்கு எப்படிப் போவது என்று பார்ப்பதைவிட, விமான நிலைய ரயில் நிற்கும் நிலையங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து நடக்கும் தூரத்தில் விடுதியைத் தேடுவது நல்லது. வரும் நாளும் போகும் நாளும் எளிதாகிவிடும். நான்கைந்து நாள் மட்டும் தங்குகிறவருக்கு இந்த இரண்டு நாளும் பயணத்தில் பெரும் பங்கு அல்லவா?

ரயிலுக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அது கட்டண அட்டவணையிலும் நேர அட்டவணையிலும் தெரியாதது. படிகள். சில ஆண்டுகளுக்கு முன் வயதான என் தாயாருடன் ஓர் ஐரோப்பிய நகரில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ரயில், பிறகு ஒரே ஒரு மாற்றம், பிறகு ஐந்து நிமிட நடை என்று தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. மாற வேண்டிய நிலையத்தில் லிஃப்டின் கதவில் ஒரு மஞ்சள் பட்டை குறுக்கே ஒட்டப்பட்டிருந்தது. எஸ்கலேட்டர் பாதித் தூரம்தான் போயிற்று. மீதி முப்பத்திரண்டு படிகள். அம்மாவைக் கீழே ஒரு தூணருகே நிற்க வைத்துவிட்டு ஒரு பெட்டியை மேலே கொண்டுபோனேன். அதை மேலே தனியாக விட்டுவிட்டு இறங்கவும் மனமில்லை, கீழே அம்மாவைத் தனியாக விடவும் மனமில்லை. நடுப்படியில் நின்றுகொண்டு மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு கண்ணுமாக இருந்த அந்த இரண்டு நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை. வழிப்போக்கர் ஒருவர் எதுவும் கேட்காமல் இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதன் பிறகு, முதியவர்களோடும் கைக்குழந்தைகளோடும் போகும்போது வண்டி மாற வேண்டிய எந்த ரயில் வழியையும் நான் தேர்ந்தெடுப்பதில்லை. தனியாகப் போகும்போதும், மாறும் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று அந்த ஊர் ரயில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுகிறேன். பல பெரிய நகரங்களில் பழுதான லிஃப்டுகளின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறார்கள்.

சீட்டு வாங்குவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பெர்லினின் 2020-இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது; நகருக்குள் சுற்றுவதற்குப் போதுமான ஏ, பி மண்டலச் சீட்டை வைத்துக்கொண்டு அங்கிருந்து பயணம் செய்தால் அபராதம் விதிப்பார்கள். பாரிஸிலும் நகருக்குள் செல்லும் சாதாரண மெட்ரோ சீட்டு விமான நிலையப் பயணத்துக்குச் செல்லாது. காகிதச் சீட்டை ஏறுமுன் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டிய ஊர்களும் இருக்கின்றன. சீட்டு வாங்கியும் முத்திரை குத்தாதவர் சீட்டு இல்லாதவராகவே கருதப்படுவார். லண்டனில் வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுவிட்டுப் போகலாம். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான், கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் போக முடியாது. சிட்னியிலோ ரயில் வழக்கமான நகர ரயில்தான், ஆனால் விமான நிலையத்தில் ஏறி இறங்குவதற்கென்று ஒவ்வொருவரிடமும் தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள். இந்தக் கூடுதல் கட்டணம் ஆளுக்கு ஆள் சேருவதால், மூன்று, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அங்கே ரயிலுக்கும் டாக்சிக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

பேருந்து

பேருந்தைப் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். இது நியாயமன்று. விமான நிலையத்துக்கென்றே ஓடும் பேருந்துகளில் பெட்டியை அடியில் உள்ள அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இருக்கை உறுதியாகக் கிடைக்கிறது. படி ஏறும் வேலை ஒன்றுதான், அதுவும் பெட்டி இல்லாமல். டோக்கியோவின் விமான நிலையப் பேருந்துகள் பெரிய விடுதிகள் பலவற்றின் வாசலிலேயே நிற்கின்றன. பெட்டிக்கு ஒரு சிறு எண் அட்டையைக் கட்டி, அதன் மறுபாதியை நம் கையில் கொடுத்து, இறங்கும்போது எண்ணை ஒத்துப்பார்த்துத்தான் பெட்டியைத் தருவார்கள். நரிதாவிலிருந்து நிப்போரிக்கு ஸ்கைலைனர் ரயில் 36 நிமிடத்தில் போகிறது என்பது உண்மைதான். ஆனால் நிப்போரியிலிருந்து இன்னொரு ரயில், அதன் பிறகு ஒரு நடை என்று இருப்பவருக்கு, ஒன்றரை மணி நேரமானாலும் விடுதி வாசலில் இறக்கிவிடும் பேருந்தே உடலுக்கு இதமானது. மெல்போர்ன் போல, விமான நிலையத்துக்கு ரயிலே இல்லாத பெரிய நகரங்களும் உண்டு. அங்கே நகர ரயில் நிலையத்துக்கு நேராக ஓடும் பேருந்துதான் ரயிலின் வேலையைச் செய்கிறது.

பேருந்தின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: அது சாலையில் போகிறது. வேலை நாளின் காலையிலும் மாலையிலும் எந்த நகரிலும் அதன் நேரத்தை நம்ப முடியாது. எனினும் அதே நெரிசலில்தான் டாக்சியும் நிற்கும் என்பதையும், அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மீட்டர் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. பேருந்தில் நிற்பதற்குக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்துகள், அதாவது வழியெல்லாம் நின்று ஊர்மக்களை ஏற்றிக்கொண்டு போகும் சாதாரணப் பேருந்துகள், வேறு வகை. தோளில் ஒரு பை மட்டும் இருந்தால் அவை நல்லவை. பெரிய பெட்டி இருந்தால் வேண்டாம்.

டாக்சி

டாக்சியின் கட்டணம் வண்டிக்கு; ரயிலின் கட்டணம் ஆளுக்கு. ஒப்பீட்டில் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. ஒருவர் போகும்போது டாக்சி ரயிலைப் போலப் பல மடங்காக இருக்கும். நால்வர் போகும்போது, ரயிலை விட்டு இறங்கிய பின் விடுதிக்குப் பிடிக்கும் வண்டிச் செலவையும் சேர்த்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் நால்வருக்கு நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரணக் காரின் டிக்கியில் அவை அடங்காது. பெரிய வண்டி கேட்க வேண்டியிருக்கும், அதற்குக் கட்டணமும் கூடும். ஆளை எண்ணுவதோடு பெட்டியையும் எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

டாக்சியைப் பற்றிய அச்சம் முழுக்கவும் கட்டணத்தைப் பற்றியது. அதைத் தீர்ப்பதற்குச் சில நகரங்கள் விமான நிலையப் பயணத்துக்கு நிலையான கட்டணத்தைச் சட்டப்படி நிர்ணயித்திருக்கின்றன. பாரிஸில் 2016 முதல் சார்ல் து கோல், ஓர்லி ஆகிய இரு நிலையங்களுக்கும் நகருக்கும் இடையே சேன் ஆற்றின் எந்தக் கரைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கட்டணம்தான். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கும் மஞ்சள் டாக்சிகளுக்கு நிலையான கட்டணம் உண்டு. சுங்கச் சாவடிக் கட்டணமும் பிற சேர்க்கைகளும் அதற்கு மேல் வரும். ரோமில் பழைய அவ்ரேலியன் மதிலுக்குள் இருக்கும் எந்த முகவரிக்கும் ஒரே கட்டணம். இத்தகைய ஊர்களில் நெரிசல் நேரத்தில்கூட டாக்சியை அச்சமின்றித் தேர்ந்தெடுக்கலாம். நிலையான கட்டணம் எவ்வளவு என்று அந்த ஊர் விமான நிலையத்தின் சொந்த இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது ஓட்டுநரிடம் பேசும்போது உதவும்.

மற்ற ஊர்களில் ஒரே ஒரு விதியைப் பின்பற்றினால் பெரும்பாலான தொல்லைகள் நம்மை அண்டாது: நாம் டாக்சியிடம் போக வேண்டும், டாக்சி நம்மிடம் வரக் கூடாது. முறையான டாக்சிகள் கட்டடத்துக்கு வெளியே, பெயர்ப்பலகை வைத்த இடத்தில், வரிசையில் நிற்கும். அவற்றின் ஓட்டுநர்கள் தங்கள் வண்டியை விட்டுக் கூடத்துக்குள் வந்து ஆள் பிடிக்க மாட்டார்கள். ஒரு முறை என் தள்ளுவண்டியின் கைப்பிடியில் வேறொருவர் கை விழுந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது, சட்டையும் சீருடை போலவே இருந்தது, "டாக்சிதானே, வாருங்கள்" என்று நல்ல பேச்சு. அந்த அட்டையைக் கூர்ந்து பார்த்தபோது அதில் ஒளிப்படம் இருந்தது, எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, வரிசை எங்கே இருக்கிறது என்று அருகில் நின்ற காவலரிடம் கேட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த மனிதர் வேறொரு குடும்பத்தின் பெட்டியைப் பிடித்திருந்தார். கோபப்பட்டுப் பயனில்லை, நின்று பேசவும் வேண்டாம். நடந்துகொண்டே இருந்தால் போதும்.

வண்டியில் ஏறுமுன் செய்ய வேண்டியவை சில. விடுதியின் முகவரி அந்த ஊர் மொழியின் எழுத்திலும் கையில் இருக்க வேண்டும். நாம் உச்சரிக்கும் தெருப் பெயர் ஓட்டுநருக்கு விளங்காமல் போவது இயல்பு. மீட்டரா, பேசிய தொகையா என்பதைப் பெட்டி டிக்கிக்குள் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு பேசுகிற பேச்சுக்கு வலுவில்லை. அட்டை ஏற்பார்களா என்பதையும் அப்போதே கேட்கலாம். ஊருக்குள் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெனிஸுக்குச் சாலை வழியாக வரும் எந்த வண்டியும் பியாட்சாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் படகும் நடையும்தான். விமான நிலையத்திலிருந்தே படகில் போவது அங்கே ஆடம்பரம் போலத் தோன்றினாலும், பெட்டிகளோடு பாலங்களின் படிகளை ஏறி இறங்க வேண்டியவருக்குப் பொதுப் படகுச் சேவை உண்மையிலேயே பயன்படும்.

செயலி வழி கார்களும் முன்பதிவு வண்டிகளும்

செல்பேசியில் அழைக்கும் கார்களுக்கு ஒரு பெரிய நன்மை, ஏறுமுன்பே தொகை தெரிந்துவிடுவது. மொழி தெரியாத ஊரில் போகுமிடத்தை வாயால் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் இவற்றுக்கு மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது இணையம்: விமான நிலைய வைஃபை கூடத்துக்குள் கிடைக்கும், வண்டி நிற்கும் வெளிப்புறத்தில் பல சமயம் கிடைக்காது, ரோமிங்கோ உள்ளூர் சிம்மோ இயங்குகிறது என்று உறுதியானால் மட்டுமே இவ்வழியை நம்பலாம். இரண்டாவது, ஏறும் இடம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 2019 முதல் இத்தகைய கார்களில் ஏறுவதற்கென்று தனி மைதானம் ஒதுக்கி, டெர்மினல்களிலிருந்து அதற்கு ஷட்டில் பஸ் விட்டிருக்கிறார்கள். பல நிலையங்களில் கார் நிறுத்தும் கட்டடத்தின் ஏதோ ஒரு தளத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூன்றாவது, கூட்ட நேரத்தில் தொகை ஏறுவது. நான்கைந்து பெரிய விமானங்கள் ஒரே சமயத்தில் இறங்கும் வேளையில் செயலி காட்டும் தொகை, வரிசையில் நிற்கும் டாக்சியின் மீட்டரைத் தாண்டிவிடுவதும் உண்டு. ஆகையால் செயலியைத் திறந்து தொகையைப் பார்த்துவிட்டு, டாக்சி வரிசையின் நீளத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி. வண்டி வந்ததும் எண்ணை ஒத்துப்பார்க்காமல் ஏறக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் எழுதிய அட்டையோடு வாசலில் ஒருவர் காத்திருக்கும் முன்பதிவு வண்டி எல்லாவற்றிலும் செலவு கூடியது. ஆயினும் மூன்று சந்தர்ப்பங்களில் அது வீண் செலவு அன்று: சக்கர நாற்காலியில் வரும் முதியவரோடு இறங்கும்போது, குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும்போது, பொதுப் போக்குவரத்து ஓயும் நேரத்தில் மொழி தெரியாத ஊரில் தனியாக இறங்கும்போது. விமான எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் விமானம் தாமதமானால் வண்டியும் அதற்கேற்பக் காத்திருக்கும். எத்தனை நிமிடம் வரை கட்டணமின்றிக் காத்திருப்பார்கள், அந்த நேரம் விமானம் தரையைத் தொட்டதிலிருந்து கணக்கா, குறித்த மணியிலிருந்து கணக்கா என்பதையும் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. விடுதியின் ஷட்டில் வண்டி, விமான நிலையத்தை ஒட்டிய விடுதிகளில் தங்குகிறவர்களுக்குப் பொருந்தும். நகருக்குள் தங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இறங்கும் மணி

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடக்கூடியது இறங்கும் நேரம். பாங்காக்கின் சுவர்ணபூமியிலிருந்து 2010 முதல் ஓடும் ரயில் நள்ளிரவோடு ஓய்ந்துவிடும். உலகின் பெரும்பாலான விமான நிலைய ரயில்களுக்கும் இதுவே வழக்கம். கோபன்ஹேகனின் மெட்ரோ இரவு முழுவதும் விமான நிலையத்துக்கு ஓடுகிறது, நியூயார்க்கின் பாதாள ரயிலும் இரவெல்லாம் ஓடுகிறது என்றாலும் இவை விதிவிலக்குகளே. இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் அச்சிட்டிருக்கும் வருகை நேரத்தோடு, வெளிநாட்டுப் பயணமானால் குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி, அந்த நேரத்துக்குப் பிறகும் ரயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தரைக்கு இறங்கும் விமானத்துக்கு, பன்னிரண்டு மணிக் கடைசி ரயிலை நம்பித் திட்டமிடுவது திட்டமே ஆகாது. அரை மணி நேரத் தாமதம் அதைக் கவிழ்த்துவிடும். இரவு பத்துக்கு மேல் இறங்குகிறவர் டாக்சியையோ முன்பதிவு வண்டியையோ முதல் வழியாகவும், ரயில் கிடைத்தால் அதை லாபமாகவும் வைத்துக்கொள்வதே சரி.

அதிகாலை மூன்று மணிக்கு இறங்குகிறவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை: உடனே கிளம்பாமல் இருப்பது. விடுதிகள் பிற்பகலில்தான் அறை தரும். இருட்டில் இரட்டைக் கட்டணம் கொடுத்து ஓடி, பூட்டிய வாசலில் பெட்டியோடு உட்காருவதைவிட, வெளிச்சமான, காவல் உள்ள, கழிப்பறையும் சூடான பானமும் கிடைக்கும் வருகைக் கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு ஐந்து மணி முதல் ரயிலில் போவது செலவுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது. உடல்நலம் சரியில்லாதவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் பிறகு என் சொந்த வரிசையைக் கேட்டால், அது இப்படி: பகலில், இருவர் வரை, மாறாமல் போகும் ரயில் இருந்தால் ரயில். மாற வேண்டியிருந்து, விடுதிப் பக்கம் போகும் பேருந்தும் இருந்தால் பேருந்து. மூன்று பேருக்கு மேல் ஆனால், அல்லது பெட்டிகள் ஆட்களைவிட அதிகமானால், வரிசையில் நிற்கும் டாக்சி. முதியவர் உடன் இருந்தால், எந்த மணியானாலும், முன்பதிவு வண்டி. செயலி வழி காரை நான் மாற்றாகவே வைத்திருக்கிறேன், முதல் வழியாக வைத்ததில்லை. இந்த முடிவையும் மாற்றையும் நிலையப் பெயர், கடைசி வண்டியின் நேரம், விடுதி முகவரி ஆகியவற்றோடு ஒரு சிறு தாளில் எழுதிக் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துவிடுகிறேன். செல்பேசியின் பேட்டரி தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

திரும்பும் நாளின் கணக்கு வேறு. வரும்போது அரை மணி நேரம் தாமதமானால் ஓய்வு குறையும், அவ்வளவே; போகும்போது தாமதமானால் விமானமே போய்விடும். எனவே வரும்போது டாக்சியில் வந்தவர்கள்கூடத் திரும்பும்போது, அதுவும் மாலை நெரிசலில் கிளம்ப வேண்டியிருந்தால், ரயிலைப் பார்க்க வேண்டும். ஹாங்காங் போன்ற ஊரில், சில விமான நிறுவனங்களின் பயணிகள் நகருக்குள் இருக்கும் விமான நிலைய ரயில் நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ரயிலேறலாம். கடைசி நாளை ஊர் சுற்றுவதற்கு அது பெரிய உதவி. எந்த டெர்மினலிலிருந்து விமானம் கிளம்புகிறது என்பதை முதல் நாள் இரவே பார்த்துவிட வேண்டும். ஹீத்ரோவில் டெர்மினல் 4-க்கும் 5-க்கும் ரயில்கள் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து போகின்றன. நடைமேடைப் பலகையில் டெர்மினல் எண்ணைப் பார்த்துவிட்டே ஏற வேண்டும்.